காற்றோடு எண்ணெய் கலவாமல்: பிஸ்ரன் கொம்பிரசர் பற்றி ஓர் எளிய விளக்கம்

யாழ்ப்பாணத்து வீடுகளின் விறாந்தை மூலையில் சைக்கிளுக்குப் பக்கத்தில் சாத்தி வைக்கப்பட்டிருந்த பழைய கைப்பம்பைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி ஏற்கெனவே தெரியும். பம்பின் தண்டு முனையில் கிண்ணம்போல் வளைந்த ஒரு தோல் வாசர் இருக்கும். தோல் காய்ந்து சுருங்கினால் காற்று அதன் ஓரத்தால் நழுவிவிடும். எவ்வளவு அடித்தாலும் ரயருக்குக் காற்று ஏறாது. ஆகவே இரண்டு துளி எண்ணெய் விட்டுத் தோலை நெகிழ வைப்பார்கள். எண்ணெய் அளவாக இருக்கும்வரை பம்பு நன்றாக வேலை செய்யும். அளவு கூடினால் அந்த எண்ணெய் காற்றுடன் சேர்ந்து ரியூப்புக்குள் போய்விடும். எண்ணெய் பட்ட இறப்பர் ஊதிப் பலமிழக்கும். காற்றை அடைத்துப் பிடிப்பதற்கு எண்ணெய் வேண்டும், ஆனால் அந்த எண்ணெய் காற்றோடு போய்விடக் கூடாது என்ற இந்த முரண்பாடுதான் கராஜ்களிலும் ரயர் கடைகளிலும் மரவேலைப் பட்டறைகளிலும் காற்றை நசுக்கித் தாங்கியில் சேர்த்து வைப்பதற்காக ஓடுகின்ற பிஸ்ரன் கொம்பிரசரின் நிரந்தரச் சிக்கலும் ஆகும்.

கொம்பிரசரின் அடியில் கிராங் பெட்டி என்னும் இரும்புப் பெட்டி இருக்கிறது. அதற்குள் உராய்வுநீக்கி எண்ணெய் தேங்கி நிற்க, கிராங் தண்டு சுழலும் ஒவ்வொரு தடவையும் அதைப் பிஸ்ரனோடு பொருத்தும் இணைப்புத் தண்டின் அடியில் உள்ள சிறு கரண்டி போன்ற நீட்சி அந்த எண்ணெயை அள்ளி நாலாபுறமும் தெளிக்கிறது. தெளிக்கப்படும் எண்ணெய் பெயாரிங் எனப்படும் தாங்குருளைகளையும் சிலிண்டரின் உட்சுவரையும் நனைக்கிறது. சிலிண்டருக்குள் பிஸ்ரன், பம்பின் தோல் வாசர்போல், மேலும் கீழும் ஓடுகிறது. அது கீழே இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது, மேலே ஏறும்போது அந்தக் காற்று நசுக்கப்பட்டுத் தாங்கிக்குத் தள்ளப்படுகிறது. பிஸ்ரனைச் சுற்றி இரண்டு வகை ரிங்குகள் உள்ளன. மேலே உள்ளவை காற்றை அடைத்துப் பிடிப்பவை. கீழே உள்ளது ஒயில் ரிங்; சுவரில் உள்ள எண்ணெயை வழித்து மீண்டும் பெட்டிக்குள் விழச் செய்வது அதன் வேலை. ஆனால் அது முழுவதையும் வழித்துவிடுவதில்லை, வழித்துவிடவும் கூடாது. ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் சுவரில் மிஞ்சினால்தான் இரும்போடு இரும்பு உரசாமல் இருக்கும், ரிங்குக்கும் சுவருக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியும் அடைபடும். அந்தப் படலத்திலிருந்து ஒரு சிறு பங்கு ஒவ்வோர் ஏற்றத்திலும் காற்றோடு போகிறது. எனவே எண்ணெய் இட்டு ஓடும் கொம்பிரசர் எதுவும், புதிதாக வாங்கியதாயினும், எண்ணெயே இல்லாத காற்றைத் தராது.

எவ்வளவு எண்ணெய் போனால் கெடுதி என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கைக் காட்டுவது நல்லது. நிமிடத்துக்கு 300 லீற்றர் காற்றைத் தரும் ஒரு சாதாரண பட்டறைக் கொம்பிரசர் மணிக்கு 18 கனமீற்றர் காற்றைக் கையாள்கிறது. அந்தக் காற்றின் ஒவ்வொரு கனமீற்றரிலும் 5 மில்லிகிராம் எண்ணெய் இருப்பதாகக் கொண்டால், எட்டு மணி நேர ஓட்டத்தில் வெளியே போகும் எண்ணெய் 720 மில்லிகிராம், அதாவது ஒரு தேக்கரண்டியின் ஏறத்தாழ ஆறிலொரு பங்குதான். கேட்பதற்கு இது ஒன்றுமில்லாததுபோல் தோன்றும். ஆனால் அந்த எண்ணெய் ஒரு மைக்ரோன் அளவுத் துளிகளாக, அதாவது தலைமயிரின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான துளிகளாக, சிதறினால் ஒன்றரை இலட்சம் கோடித் துளிகள் கிடைக்கும். மினுக்கித் துடைத்த வாகனக் கதவில் நிறப்பூச்சு விசிறும்போது அந்தத் துளிகளில் சில நூறு விழுந்தாலே போதும். எண்ணெயின் மேற்பரப்பிழுவை பூச்சினுடையதை விடக் குறைவு என்பதால், தாமரையிலையில் நீர் ஒட்டாததுபோல் பூச்சு அந்த இடத்தை விட்டு விலகிச் சிறு வட்டக் குழியை உண்டாக்கும். காய்ந்த பின்னர் அதை அரைத்து நீக்கி, முதலிலிருந்து பூசுவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தக் குழிகளைக் கண்டவுடன் பெரும்பாலானோர் செய்வது கடைக்குப் போய் ஒரு பில்ரர் வாங்கி வந்து குழாயில் பூட்டுவதாகும். பில்ரர் வேண்டியதுதான், அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். ஆனால் இயந்திரம் எண்ணெயை அள்ளி வெளியே எறிந்துகொண்டிருக்கையில் எந்தப் பில்ரரும் நெடுநாள் தாங்காது. எனவே எண்ணெய் ஏன் மேலே ஏறுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மிக எளிய காரணம், கிராங் பெட்டியில் எண்ணெயை அளவுக்கு மேல் விடுவது. எண்ணெய் மட்டம் காட்டும் கண்ணாடிக் குறியின் நடுப்பகுதி வரை விட வேண்டிய எண்ணெயை, கூட இருந்தால் நல்லதுதானே என்று மேல்விளிம்பு வரை நிரப்பினால், கரண்டி அள்ளித் தெளிக்கும் அளவு பெருகி ஒயில் ரிங் வழித்து முடிக்க முடியாத நிலை வரும். இயந்திரம் நின்று சற்று நேரம் கழிந்த பின், சமதளத்தில் வைத்துப் பார்த்தால்தான் சரியான மட்டம் தெரியும். அடுத்த காரணத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை: உள்ளிழுக்கும் பக்கத்தில் தூசைத் தடுக்கும் காற்று வடி அடைபடுவது. வைகாசி, ஆனியில் வீசும் சோளகக் காற்றோடு வரும் புழுதியும், பட்டறையில் பறக்கும் அரைதூளும் அந்த வடியை விரைவில் மூடிவிடும். அப்போது பிஸ்ரன் கீழே இறங்குகையில் மேலே போதிய காற்று வராமல் வெற்றிடம் போன்ற ஓர் இழுவை உண்டாகும். அந்த இழுவை கீழிருக்கும் எண்ணெயை ரிங்குகளைக் கடந்து மேலே உறிஞ்சும். நூறு ரூபாய் பெறாத கவனம் இங்கே பெரும் பலன் தருகிறது. கிராங் பெட்டியின் மூச்சுத் துளை அடைபட்டாலும் இதே கதிதான்: ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்று வெளியேற வழியின்றி, பெட்டியில் அழுத்தமாகத் தங்கி எண்ணெயை மேலே தள்ளும்.

தேய்ந்த ரிங், பளபளப்பேறிய சிலிண்டர் சுவர் ஆகியவை முதுமையின் விளைவுகள். ரிங்கை மாற்றும்போது சிலிண்டர் சுவரில் குறுக்கும் மறுக்குமான நுண்கீறல்களை மீண்டும் ஏற்படுத்த வேண்டும். கண்ணாடிபோல் வழுவழுத்த சுவரில் புது ரிங் பொருந்தி அமையாது. ரிங்கின் மேற்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்பதையும் கவனிக்க வேண்டும். தலைகீழாகப் பூட்டப்பட்ட ரிங் எண்ணெயைக் கீழே வழிப்பதற்குப் பதிலாக மேலே ஏற்றும்.

இவை எல்லாவற்றையும் விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வெப்பத்தைப் பற்றியாகும். காற்றை நசுக்கினால் அது சுடும். சைக்கிள் பம்பின் அடியைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். 30 பாகை செல்சியசில் உள்ள காற்றை ஒரே நசுக்கலில் 7 பார் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 100 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், வெப்பம் எங்கும் வெளியேறவில்லை என்ற கணக்கில் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 275 பாகையை எட்டும். சிலிண்டரின் வெளிப்புறச் செதில்கள் வழியாக வெப்பம் வெளியேறுவதால் உண்மையில் அவ்வளவு ஏறுவதில்லை என்றாலும், காற்றை உள்ளேயும் வெளியேயும் விடும் வால்வுத் தட்டின் அருகில் எண்ணெய் ஆவியாவதற்கும் கருகுவதற்கும் போதிய சூடு இருக்கிறது. இரண்டு கட்டமாக நசுக்கி இடையில் காற்றைக் குளிரவிடும் இயந்திரத்தில் இதே கணக்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏறத்தாழ 135 பாகையையே தருகிறது. ஆகவே நாள் முழுதும் காற்றுத் தேவைப்படும் பட்டறைக்கு இரு கட்டக் கொம்பிரசர் கூடுதல் விலைக்குத் தகுந்ததே. சூடேறிய எண்ணெய் நீர்த்துப்போவதால் ரிங்குகளை எளிதில் கடக்கும், கடந்தது ஆவியாகும், ஆவியாகாதது வால்வில் கரியாகப் படியும், கரி படிந்த வால்வு சரியாக மூடாததால், வெளியே போன சூடான காற்று மீண்டும் சிலிண்டருக்குள் திரும்பி, மறுபடியும் நசுக்கப்பட்டு, மேலும் சுடும். இந்தச் சுழல் தொடங்கினால் தானாக நிற்காது. வெளியேற்றுக் குழாயில் திரண்ட கரி தீப்பற்றி விபத்தாவதும் உண்டு.

நான் அறிந்த ஒரு கராஜில், இரைச்சல் வாடிக்கையாளரைத் தொந்தரவு செய்கிறது என்று கொம்பிரசரைப் பின்புறத்தில் தகரக் கூரை போட்ட சிறு அறைக்குள் தள்ளி, சுவரோடு ஒட்டி வைத்துக் கதவையும் மூடியிருந்தார்கள். பெல்ற் ஓடும் பக்கத்திலுள்ள சக்கரத்தின் ஆரங்கள் விசிறியாகவும் வேலை செய்கின்றன என்பதும், சுவருக்கும் அதற்கும் இடையில் ஒரு முழமாவது இடைவெளி இல்லாவிட்டால் சிலிண்டருக்குக் குளிர்காற்று போகாது என்பதும் அங்கே யாருக்கும் சொல்லப்படவில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் நிற்கவே முடியாது. பூச்சில் குழி விழுகிறது என்று அவர்கள் மூன்று தடவை பில்ரர் மாற்றியிருந்தார்கள். இயந்திரத்தைச் சுவரிலிருந்து தள்ளி, எதிரெதிரே இரண்டு சாளரங்களைத் திறந்து, வால்வுத் தட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டிய பிறகுதான் நான்காவது பில்ரர் நின்று பிடித்தது.

எந்த எண்ணெயை விடுவது என்பதும் வெப்பத்தோடு தொடர்புடைய கேள்வியே. கையில் இருக்கிறது என்பதற்காக மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய இயந்திர எண்ணெயைக் கொம்பிரசருக்கு விடுவது நம்மிடையே பரவலான பழக்கம். அந்த எண்ணெயில் கலந்துள்ள கழுவும் சேர்பொருட்கள், எரிபொருள் எரியும் இயந்திரத்தின் புகைக்கரியைப் பிடித்து வைப்பதற்கானவை. கொம்பிரசரிலோ அவை ஈரத்தை எண்ணெய்க்குள் பிடித்து வைப்பதோடு, சூடான வால்வில் சாம்பலாகவும் படியும். கொம்பிரசருக்கென்றே தயாரிக்கப்பட்ட எண்ணெய் விற்பனைக்கு உண்டு. நமது தட்பவெப்பத்துக்குப் பொதுவாக ஐஎஸ்ஓ 100 என்னும் பாகுநிலை, அதாவது எண்ணெயின் தடிப்பு, பொருந்தும். இயந்திரத்தோடு வரும் கையேடு வேறு சொன்னால் கையேட்டையே கேட்க வேண்டும். போத்தலில் டிஐஎன் 51506 என்ற ஜெர்மன் நியமத்தின் விடிஎல் என்னும் வகை குறிக்கப்பட்டிருந்தால், நசுக்கலின் முடிவில் 220 பாகை வரை ஏறும் சூட்டுக்கும் கரி படியாமல் நிற்கக்கூடிய எண்ணெய் அது என்று கொள்ளலாம்.

காற்றுக் கசிவையும் இங்கேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறு பிஸ்ரன் கொம்பிரசர்கள் ஓடி, நின்று, ஆறி, மீண்டும் ஓடுவதற்காக அமைக்கப்பட்டவை. இணைப்புகளில் காற்றுக் கசிந்தால் இயந்திரம் ஓய்வின்றி ஓடும். ஓய்வின்றி ஓடினால் சுடும். சுட்டால் எண்ணெயை விடும். சவர்க்கார நீரைத் தூரிகையால் பூசிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும்.

இனி, காற்றில் போய்விட்ட எண்ணெயைப் பிடிப்பதைப் பார்ப்போம். அது மூன்று உருவங்களில் போகிறது. குழாயின் சுவரோடு வழிந்து ஓடும் திரவம் ஒன்று. காற்றில் மிதக்கும் நுண்துளிகளாகிய பனி இரண்டாவது. கண்ணுக்கும் பில்ரருக்கும் அகப்படாத ஆவி மூன்றாவது. திரவத்தைப் பிடிப்பது எளிது, பனியைப் பிடிப்பது சற்றுக் கடினம், ஆவியைப் பிடிப்பது மிகக் கடினம். ஆவியைப் பனியாகவும் பனியைத் திரவமாகவும் மாற்றிவிட்டால் வேலை இலகுவாகும். அதற்கு வழி குளிர்விப்பது. சூடான காற்று வெளிவரும் இடத்திலேயே பில்ரரைப் பூட்டுவோர் செய்யும் பிழை இதில்தான் இருக்கிறது: அங்கே எண்ணெயின் ஒரு பங்கு ஆவியாகவே பில்ரரைக் கடந்து, பிறகு நீண்ட இறப்பர்க் குழாயில் ஆறி, ஸ்பிறே துப்பாக்கிக்குள் துளியாகிறது. பில்ரரில் எழுதப்பட்டிருக்கும் தூய்மை எண்களும் பெரும்பாலும் 20 பாகை அளவுக் காற்றுக்கு உரியவை. நமது குடாநாட்டில் காற்று பெரும்பாலும் அதைவிடச் சூடானது என்பதை மறந்து அந்த எண்களை நம்பக் கூடாது.

ஆகவே தாங்கியிலிருந்து காற்று எடுக்கும் இடத்துக்கு எட்டுப் பத்து மீற்றர் உலோகக் குழாயைச் சுவரோடு, காற்று செல்லும் திசையில் சற்றுச் சாய்வாக ஓடவிடுவது நல்லது. கிளைக்குழாய்களைப் பெருங்குழாயின் மேற்புறத்திலிருந்து எடுத்து வளைத்துக் கீழே இறக்க வேண்டும். அடிப்புறத்திலிருந்து எடுத்தால் தேங்கிய நீரும் எண்ணெயும் நேரே அதற்குள் விழும். குழாயின் கடைசியில் ஒரு வடிகால் திறப்பு வேண்டும். கிணற்று மோட்டாருக்கு வாங்கிய பிவிசி குழாயில் மிச்சம் இருக்கிறது என்று அதை இதற்குப் பயன்படுத்துவோரைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சூடும் எண்ணெயும் பட்ட பிவிசி நொறுங்கும் தன்மை பெறும். அழுத்தக் காற்றோடு வெடிக்கையில் அதன் துண்டுகள் கத்தியாகப் பறக்கும்.

எண்ணெய்ப் பனியைப் பிடிக்கும் பில்ரருக்குள் மிக நுண்ணிய கண்ணாடி இழைகள் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. காற்று அந்த இழைகளாலான உறையின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகப் போகிறது. பெரிய துளிகள் இழையில் நேரே மோதி ஒட்டுகின்றன. நடுத்தரத் துளிகள் இழையை உரசிச் செல்கையில் ஒட்டுகின்றன. மிகச் சிறியவை காற்று மூலக்கூறுகளால் இங்குமங்கும் தள்ளப்பட்டு அலைந்து, எங்கேயாவது ஓர் இழையில் முட்டிக்கொள்கின்றன. ஒட்டியவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய துளியாகித் தம் பாரத்தால் கீழே இறங்கிக் கிண்ணத்தில் சேர்கின்றன. இதை விளங்கிக்கொண்டால் மூன்று செய்திகள் தாமாகத் தெளிவாகும். கிண்ணத்தை வடிக்காமல் விட்டால் சேர்ந்த எண்ணெயைக் காற்று மறுபடியும் அள்ளிச் செல்லும். பில்ரர் தேவையைவிடச் சிறியதாயின் காற்றின் வேகம் கூடி, இழையில் ஒட்டிய துளிகளைப் பிய்த்தெடுக்கும். நீரும் தூசும் முதலில் இங்கே வந்தால் இழைகள் அடைபடும். எனவே இதற்கு முன்னால் காற்றைச் சுழற்றி நீரைப் பிரிக்கும் கிண்ணமும், தூசு வடியும் இருந்தாக வேண்டும்.

எஞ்சுவது ஆவி. அதற்கு ஊக்கிய கரி பயன்படுகிறது. நமது சிரட்டையிலிருந்து செய்யப்படும் இந்தக் கரி இலங்கையிலிருந்து பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. நுண்துளைகள் நிறைந்திருப்பதால் நல்ல தரமான கரி ஒரு கிராமின் உட்பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீற்றர், அதாவது நான்கு பரப்புக் காணி அளவு இருக்கும். எண்ணெய் ஆவி அந்தப் பரப்பில் படிந்து தங்குகிறது. ஆனால் திரவ எண்ணெய் பட்டால் துளைகள் உடனே அடைபட்டுவிடும், சூடு கூடினால் பிடித்ததையும் விட்டுவிடும். பனியைப் பிடிக்கும் பில்ரருக்கு முன்னால் கரியை வைப்பது பணத்தைக் கடலில் போடுவதற்குச் சமம். அழுத்தக் காற்றின் தூய்மைக்கான சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 8573-1, கனமீற்றருக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படாத எண்ணெயை நான்காம் வகுப்பு என்றும், 1 மில்லிகிராமை மூன்றாம் வகுப்பு என்றும், 0.1 ஐ இரண்டாம் வகுப்பு என்றும், 0.01 ஐ முதல் வகுப்பு என்றும் பிரிக்கிறது. ரயருக்குக் காற்றடிப்பவருக்கு இவை எதுவும் கவலையில்லை. வாகனப் பூச்சு வேலைக்குப் பனியைப் பிடிக்கும் நுண்பில்ரரும், நேர்த்தியான மேற்பூச்சாயின் அதன் பின் கரியும் தேவைப்படும்.

பல் வைத்தியரின் அறையில் இருக்கும் கொம்பிரசருக்குப் பெரும்பாலும் எண்ணெயே விடுவதில்லை. அதன் ரிங்குகள், ஒட்டாத தாச்சிகளில் பூசப்படும் ரெப்லோன் வகைப் பொருளில் கரித்தூள் போன்றவற்றைச் சேர்த்துச் செய்யப்பட்டவை. தாங்குருளைகளுக்குள் கிறீஸ் வைத்து நிரந்தரமாக மூடியிருப்பார்கள். நோயாளியின் வாய்க்குள் போகும் காற்றுக்கு இதுவே தகுந்த முறை. எண்ணெய்ப் படலத்தின் காப்பு இல்லாமையால் ரிங்குகள் விரைவில் தேயும், சத்தமும் கூடும். இவ்வகை இயந்திரமும் வீதிப் புகையையோ பூச்சுக் கரைப்பானின் ஆவியையோ உள்ளிழுத்தால் அதையே நசுக்கித் தரும் என்பதால், காற்றை உள்ளிழுக்கும் வாயை எங்கே வைப்பது என்ற கேள்வி இங்கும் முக்கியமானது.

மூச்சுக்கான காற்றைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடலட்டைக்காகச் சிலிண்டர் கட்டி மூழ்குவோர் நமது கடலோரத்தில் இருக்கிறார்கள். அவர்களின் சிலிண்டரை நிரப்பும் இயந்திரம் அதற்கென்றே அமைக்கப்பட்டதாக, அதற்குரிய பில்ரர்கள் உரிய காலத்தில் மாற்றப்பட்டதாக இருக்க வேண்டும். பட்டறைக் கொம்பிரசரின் காற்று ஒருபோதும் மனிதரின் நுரையீரலுக்குப் போகக் கூடாது. மிகைச் சூட்டில் எண்ணெய் சிதைந்தாலும், பக்கத்தில் ஓடும் எஞ்சினின் புகை உள்ளே இழுக்கப்பட்டாலும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு காற்றில் சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சுக் காற்றுக்கான ஐரோப்பிய நியமமான இஎன் 12021 எண்ணெயைக் கனமீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குள்ளும், காபனோரொட்சைட்டைப் பத்து இலட்சத்தில் 5 பங்குக்குள்ளும் கட்டுப்படுத்துகிறது. நீருக்கடியில் அழுத்தம் கூடக்கூட நஞ்சின் வீரியமும் கூடும் என்பதால் இந்த எண்கள் வெறும் சம்பிரதாயம் அல்ல.

கடைசியாக, தாங்கியின் அடியில் சேரும் நீர். நமது கடற்காற்றில் 30 பாகையில், 80 சதவீத ஈரப்பதனில், ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கிறது. மேலே சொன்ன, நிமிடத்துக்கு 300 லீற்றர் தரும் கொம்பிரசர் 8 கனமீற்றரை உள்ளிழுக்க அரை மணி நேரம்கூட ஆகாது. அதை நசுக்கித் தாங்கியில் ஆறவிட்டால் 150 கிராமளவு நீர் பிரிந்து விழும். எண்ணெயோடு கலந்து பால்போல் வெளிவரும் அந்த நீரை நாளாந்தம் வடிக்காவிட்டால் அது காற்றோடு ஏறிப் பில்ரரை மூழ்கடிக்கும். வடித்ததை நிலத்தில் ஊற்றுவதும் கூடாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கீழே இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது விரைவில் கிணற்றுக்குப் போய்ச் சேரும். சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தின் எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 இல் 2 கோடி ரூபாய் இழப்பீட்டுத் தீர்ப்போடு முடிந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வடிகாலின் கீழே மூடியுள்ள ஒரு கலனை வைத்து, சேர்வதைச் சில நாள் அசையாமல் விட்டால் எண்ணெயின் பெரும்பகுதி மேலே மிதக்கும். அதை அள்ளி, பழைய எண்ணெய் வாங்குவோருக்கான கொள்கலனில் சேர்க்கலாம். அடியில் நிற்கும் கலங்கிய நீரிலும் எண்ணெய் மிச்சம் இருப்பதால், அதைக் கிணற்றடியிலும் மழைநீர் வாய்க்காலிலும் விடாமல் மூடிய கலனிலேயே வைத்திருந்து, கழிவு எண்ணெயோடு சேர்த்து ஒப்படைக்க வேண்டும்.